படிக்கட்டில் காயப்போட்ட தமெய்ன்

ரங்கூனில் அந்த வார்டின் தலைவர் ஊ தௌங்குக்கு டீ என்றால் உயிர். அதுவும் அடுத்தவர் வீட்டு டீ என்றால் கேட்கவே வேண்டாம். சிறையிலிருந்து வெளியே வந்த பெண்களிடம் அரசாங்கம் கணக்கெடுப்பு நடத்தப் போகிறது என்ற உத்தரவு வந்த நாளிலிருந்து அவர் பாடு கொண்டாட்டமாகிவிட்டது. கணக்கெடுப்பு அலுவலகத்திலிருந்து மா தின்ஸா என்ற சின்னப் பெண் கையில் ஒரு டேப்லெட்டோடு வருவாள். அவளை வீட்டுக்கு வீடு கூட்டிப் போய்க் காட்டுவதுதான் அவர் வேலை. காட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே? போக மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

அந்தப் பெண் கேட்பது சாதாரணக் கேள்வியா? உள்ளே இருந்தபோது உங்கள் விருப்பமில்லாமல் யாராவது உடம்பைத் தொட்டார்களா, மிரட்டி இணங்க வைத்தார்களா, தொட்டது கூட இருந்த கைதியா, காவலுக்கு இருந்த அதிகாரியா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். பக்கத்தில் ஊ தௌங் டீயை உறிஞ்சியபடி பதில் சொல்கிறவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எல்லாப் பெண்களும் இல்லை என்றார்கள். இல்லை, இல்லை, எதுவுமே இல்லை. வெளிநாட்டுக்காரர்களிடம் காட்ட அரசாங்கத்துக்கும் அதுதான் தேவைப்பட்டது.

இரண்டாவது மாடி வேலம்மாவும் நேற்று அப்படித்தான் சொன்னாள். திருட்டுத்தனமாக ரெண்டு நம்பர் லாட்டரி எழுதியதற்காகப் பிடிபட்டு உள்ளே போனவள் வேலம்மா. நாலாவது மாடி ஸமீராவும் அதே சமயத்தில் அதே கூடத்தில்தான் கிடந்தாள். சோதனை என்று சொல்லிப் பெண்களைத் தனியாகக் கூப்பிடுவார்கள். அப்படிப் போய்த் திரும்பி வந்த வேலம்மா தொட்டித் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டே இருந்ததை ஸமீரா பார்த்திருக்கிறாள். ஸமீரா திரும்பி வந்தபோது வேலம்மாவும் பார்த்தாள். வெளியே வந்து இத்தனை மாதமாகியும், ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியும், இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இன்று ஸமீராவின் முறை.

அவளை உள்ளே அனுப்பியதே இந்த ஊ தௌங்தான். கியாக்தான் ஊரிலிருந்து வந்த சின்னம்மா மகள் ஒரு ராத்திரி தங்கினாள். ராத்திரி தங்குகிற விருந்தாளியை வார்டு ஆபீசில் எழுதி வைக்க வேண்டும் என்பது இங்கே சட்டம்; ஸமீரா எழுதி வைக்கவில்லை. சோதனை போட வந்தவர்களுக்கு முன்னால் நின்று கதவைத் தட்டிக் காட்டிக் கொடுத்தவர் அவர். சொந்தக்காரிக்குச் சோறு போட்டதற்கு ஜெயில். அந்த வயிற்றெரிச்சல் ஸமீராவுக்கு இன்னும் அடங்கவில்லை. இப்போது அதே மனுஷன் அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அவள் போட்ட டீயைக் குடித்துக்கொண்டு, அவள் இல்லை என்று சொல்வதைக் கேட்கப் போகிறார்.

"இல்லன்னு சொல்லிரு புள்ள," என்றான் காஜா மைதீன், சட்டைப் பொத்தானைப் போட்டபடி. தெருமுனையில் குடையும் டார்ச் லைட்டும் விற்கிறவன். நல்லவன். அவள் உள்ளே இருந்தபோது ஒரு வாரம்கூடத் தவறாமல் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு சிறை வாசலில் நின்றவன். ஆனால் வெளியே வந்த பிறகு உள்ளே என்ன நடந்தது என்று மட்டும் அவன் கேட்டதே இல்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று அவனுக்குப் பயம். அது ஸமீராவுக்கும் தெரியும்.

"நீங்க கடைக்குப் போங்க மச்சான். நான் துணி துவைக்கணும்," என்றாள்.

துவைத்தாள். இருக்கிற தமெய்ன்களை எல்லாம் எடுத்துத் துவைத்தாள். இந்த ஊர்ப் பெண்கள் இடுப்பில் சுற்றுகிற கைலிதான் தமெய்ன். அதைக் காயப்போடுவதற்கு இங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. தலைக்கு மேலே, ஆண்கள் நடமாடுகிற இடத்தில் போடக் கூடாது. பெண்ணின் தமெய்னுக்குக் கீழே புகுந்து போன ஆணுக்கு அவனுடைய மகிமை போய்விடும் என்பது பர்மியர் நம்பிக்கை. அதனால் பின்கட்டில், தாழக் கட்டிய கொடியில் போடுவார்கள். மூன்று தலைமுறையாக ரங்கூனில் இருக்கிற ஸமீராவின் குடும்பத்திலும் அப்படித்தான் போடுவார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் ஒருநாளும் தவறியதில்லை.

இன்று அவள் பால்கனிக்குப் போய் மணிக்கயிற்றை அவிழ்த்தாள். மாடி வீடுகளில் எல்லாம் தொங்குமே, கீழே தெருவில் நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கிற கயிறு, அதுதான். மணியைக் கழற்றி வைத்துவிட்டு, மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில், படிக்கட்டின் குறுக்கே, கைப்பிடிக் கம்பியிலிருந்து எதிர்ச் சுவர் ஜன்னல் கம்பிக்கு இழுத்துக் கட்டினாள். தமெய்ன்களை வரிசையாகப் போட்டாள். பச்சை, மஞ்சள், சிறையில் கட்டியிருந்த அந்தப் பழைய பழுப்பு. வேண்டுமென்றே பழுப்பை நடுவில் போட்டாள்.

கடைச் சாவியோடு வெளியே வந்த காஜா மைதீன் அப்படியே நின்றுவிட்டான்.

"என்ன புள்ள பண்ற? அந்தாளு வர்ற நேரம்."

"தெரியும்."

"இதப் பாத்தா என்ன அர்த்தம்னு அவனுக்குத் தெரியாதா? மறுபடி உள்ள போட்டுருவான்."

"போடட்டும். அவன பக்கத்துல வச்சுக்கிட்டு என்னால இல்லன்னு சொல்ல முடியாது மச்சான். ஆமான்னும் சொல்ல முடியாது. அதுக்குத்தான் இது."

ஈரத் துணியிலிருந்து படியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் சாவிக்கொத்தைக் கையில் உருட்டினான். இத்தனை மாதமாகக் கேட்காததை அப்போதுதான் கேட்டான்.

"உள்ள ஏதும் நடந்துச்சா?"

"நடந்துச்சு."

அவன் சாவிக்கொத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கயிற்றைச் சுற்றிப் போக இடமில்லாததால் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, தலையில் படாமல் குனிந்து இறங்கிப் போனான். ஸமீராவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. போகட்டும் என்று நினைத்தாள். யார் போனாலும் சரி, இன்று இதை முடிக்காமல் விடுவதில்லை.

சிறிது நேரத்தில் கீழே ஊ தௌங்கின் குரல் கேட்டது. மணிக்கயிறு எங்கே என்று தெருவில் நின்று சத்தம் போட்டார். பிறகு மூச்சு வாங்கியபடி ஏறி வந்தார். பின்னாலேயே மா தின்ஸா. மூன்றாவது மாடி தாண்டித் தலையை நிமிர்த்தியவர், மூக்குக்கு முன்னால் பழுப்புத் தமெய்னைப் பார்த்ததும் சட்டென்று இரண்டு படி பின்னால் இறங்கினார். கை தன்னால் கழுத்துத் தாயத்துக்குப் போயிற்று.

"என்ன இது?" என்று பர்மியத்தில் கேட்டார்.

"துணி," என்றாள் ஸமீரா, அவரைவிட வேகமான பர்மியத்தில். "துவைச்சேன், காயப்போட்டிருக்கேன்."

"இங்கேயா காயப்போடுவாங்க? உனக்கு வழக்கம் தெரியாது?"

"எப்படித் தெரியும் ஊ தௌங்? நாங்கதான் களா ஆச்சே. நீங்கதானே வாய்க்கு வாய் சொல்வீங்க, களாக்களுக்கு இந்த ஊர் வழக்கமே தெரியாதுன்னு."

களா என்பது இந்தியரை அவர்கள் இளக்காரமாகச் சொல்கிற சொல். இத்தனை வருஷமாக அவர் வாயிலிருந்து வாங்கியதை இன்று அவரிடமே திருப்பிக் கொடுத்ததில் ஸமீராவுக்கு ஒரு திருப்தி. மா தின்ஸா தலையைக் குனிந்துகொண்டாள். சிரித்தாளோ என்னவோ, தெரியவில்லை.

"எடு இதை."

"ஈரம். வேணும்னா நீங்களே எடுத்து ஓரமா வைங்க."

அவர் தொடுவாரா? தாயத்தை விட்ட கை தமெய்ன் பக்கமே நீளவில்லை. முகம் சிவந்தது. "உன்னை மறுபடி உள்ளே அனுப்ப எனக்கு ஒரு போன் போதும்," என்றார். ஸமீரா கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். அந்தப் போன் வெறும் மிரட்டல் இல்லை என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் நகரவில்லை.

அப்போது கீழே செருப்புச் சத்தம். காஜா மைதீன் திரும்பி ஏறி வந்துகொண்டிருந்தான். கடை திறக்கப் போனவன் சாவியோடு அப்படியே வந்திருந்தான்.

"உன் பெண்டாட்டிகிட்ட சொல்லு, இதை எடுக்கச் சொல்லு," என்றார் ஊ தௌங், நிம்மதியோடு.

காஜா மைதீன் அவரைத் தாண்டி ஏறினான். இந்தத் தடவை ஓரத்தைத் தூக்கவில்லை, குனியவும் இல்லை. நடுவில் தொங்கிய பழுப்புத் தமெய்ன் தலையிலும் தோளிலும் உரச, நேராக அதன் கீழே புகுந்து வந்து மனைவி பக்கத்தில் நின்றான். சட்டை நனைந்திருந்தது.

"ஈரமா இருக்கு ஊ தௌங்," என்றான். "காயட்டும்."

ஸமீரா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள், இன்று அழ நேரமில்லை. "மா தின்ஸா, நீங்க வாங்க. பொம்பளைங்க வரலாம்," என்றாள். "ஊ தௌங், நீங்களும் வரணும்னா வாங்க. வந்தா வார்டு ஆபீசுல விருந்தாளின்னு எழுதி வச்சுட்டுத்தான் டீ போடுவேன். அந்தப் பாடத்த ஒரு தடவ நல்லா படிச்சாச்சு."

மா தின்ஸா டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்து வந்தாள். கதவை ஸமீரா உள்பக்கம் தாழிட்டாள். காஜா மைதீன் வெளியே மேல்படியில் உட்கார்ந்துகொண்டான்.

உள்ளே அந்தப் பெண் முதல் கேள்வியைப் படித்தாள்.

"ஆமாம்," என்றாள் ஸமீரா.

அடுத்த கேள்வி.

"ஆமாம்."

"கைதியா, அதிகாரியா?"

"அதிகாரி. சோதனைன்னு கூப்பிட்டான். வேண்டாம்னு சொன்னேன், கையை எடுக்கச் சொன்னேன். உன் புருஷன் கொண்டு வர்ற பொட்டலம் உள்ளே வரணுமா வேண்டாமான்னு கேட்டான். இதையும் எழுதிக்குங்க."

"இதுக்கு இதிலே இடமில்லை அக்கா. ஆமாம், இல்லை மட்டும்தான் இருக்கு."

"அப்ப ஆமாம்னு அழுத்திப் போடுங்க."

பெண்ணின் விரல் திரையில் நின்றது. மெதுவாகச் சொன்னாள்: "இந்த வார்டிலே நான் போடுற முதல் ஆமாம் இதுதான். பொய் சொல்ல மாட்டேன் அக்கா. மேலே இருக்கிறவங்க இதைத் தூக்கி எறிஞ்சிடலாம்."

"எறியட்டும்," என்றாள் ஸமீரா. "எறியறவன் ஒரு தடவ படிச்சுட்டுத்தானே எறியணும்."

கேள்விகள் முடிந்து அவர்கள் கதவைத் திறந்தபோது ஊ தௌங் இன்னும் அதே படியில்தான் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், ஒரு மாடி இறங்கி, இரண்டாவது மாடிக் கதவில் வேலம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"பாப்பா," என்று மா தின்ஸாவைக் கூப்பிட்டாள். "நேத்து நான் சொன்னத மாத்திச் சொல்லலாமா?"

"முடிஞ்சது முடிஞ்சதுதான்," என்றார் ஊ தௌங் முந்திக்கொண்டு. "மாத்தணும்னா நானும் வந்து உட்காரணும்."

மா தின்ஸா அவரைப் பார்த்தாள். பிறகு டேப்லெட்டைத் திறந்தாள். "மாத்தலாம் அக்கா," என்றாள்.

வேலம்மா அண்ணாந்து பார்த்தாள். சிறையில் தொட்டித் தண்ணீரை அடித்துக்கொண்ட அதே முகம். ஆனால் இப்போது கண் தாழவில்லை.

"ஸமீரா, அந்தக் கயித்த இங்க எறக்கும்மா," என்றாள்.

ஸமீரா ஒரு முனையை அவிழ்த்தாள். சொல்லாமலே காஜா மைதீன் மறு முனையை அவிழ்த்தான். துணி தரையில் புரளாமல் இருவரும் கயிற்றை உயரத் தூக்கிப் பிடித்து, அகலம் முழுக்க அடைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். ஊ தௌங் பின்னால் நகர்ந்தார். இன்னும் நகர்ந்தார். திரும்பிப் போனால் முதுகில் பட்டுவிடுமோ என்ற பயத்தில் பின்பக்கமாகவே இறங்கினார். வேலம்மா வீட்டு வாசலைத் தாண்டி, முதல் மாடி தாண்டி, செருப்பு ஒன்று கழன்றதைக்கூட எடுக்காமல் தெருவில் போய் நின்றார்.

இரண்டாவது மாடிக்குக் கீழே படியின் குறுக்கே கயிற்றைக் கட்டி முடித்ததும் மா தின்ஸா வேலம்மா வீட்டுக்குள் போனாள். வேலம்மா கதவைத் தாழிட்டாள். ஸமீராவும் காஜா மைதீனும் வெளியே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, துணி காயும்வரை காவல் இருந்தார்கள்.