சனிக்கிழமை மறுவிசாரணை

பல்லத்தைக்கு வயிறு எரிந்தது. அப்படி இப்படி அல்ல, பக்கத்தில் உட்கார்ந்து குளிர் காயலாம் போல எரிந்தது. காரணம் ஒரு ஒயர்.

சனிக்கிழமை மத்தியானம் வழக்கம்போல ஸ்பீக்கரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நாலாவது மாடியிலிருந்து இரண்டாவது மாடிக்கு இறங்கி, நாத்தனார் வீட்டுக் கதவைத் தட்டாமல் திறந்தாள். தட்டிவிட்டு நுழைகிற வீடா அது? சோபாவில் நாத்தனாரும், நாத்தனாரின் புது மருமகளும் தலையோடு தலை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒரே இயர்போன் ஒயரில் ஆளுக்கு ஒரு காது. சிரிப்பில் இரண்டு பேர் தோளும் குலுங்கின. பல்லத்தையைக் கண்டதும் நாத்தனார் தன் காதில் இருந்ததை வெடுக்கென்று பிடுங்கி, ஒயரைச் சுருட்டி மடியில் போட்டுக்கொண்டாள்.

"என்ன கேக்கறீங்க?" என்றாள் பல்லத்தை.

"நம்ம பசங்க பாட்டுதான். இவளுக்குச் சும்மா அறிமுகம் பண்ணி வச்சேன்."

மருமகள் பல்லைக் காட்டிச் சிரித்தாள். வரிசையான, குறை சொல்ல முடியாத பல். அதுவும் எரிச்சலாக இருந்தது.

பல்லத்தை என்பது வீட்டுப் பிள்ளைகள் வைத்த பெயர். பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் லேபில் அவளுக்கு வேலை. நாத்தனாருக்கு வாத்து என்று பெயர். அது பல்லத்தை பள்ளிக்கூடத்தில் வைத்தது. நடையைப் பார்த்தால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. இருவரும் ஒரே பெஞ்சு. பிற்பாடு வாத்தின் அண்ணனையே கட்டிக்கொண்டு பல்லத்தை அந்தக் குடும்பத்துக்குள் வந்தாள். "உனக்கு எங்கண்ணனப் பிடிச்சுதா, எங்கண்ணனோட கேசட் பிளேயரப் பிடிச்சுதா?" என்று வாத்து இன்றைக்கும் கேட்பாள். கேள்வி நியாயமானதுதான். பெரியவர்கள் முன்னால் "வாங்க அண்ணி", கதவைச் சாத்தினால் "வாடி". இப்படி ஒரு நாத்தனார் கிடைக்க எந்தப் பெண்ணுக்கும் கொடுத்து வைக்காது.

நம்ம பசங்க என்றால் ஐவர். ஐந்து பையன்கள் சேர்ந்து பாடி ஆடிய குழு. பல்லத்தை அவர்களை முதன்முதலில் பார்த்தது ஒரு தையல் கடை டிவியில். பாவாடை அளவு கொடுக்கப் போனவள் அளவு கொடுக்க மறந்து திரும்பி வந்தாள். மறுநாளே ஐந்து பேரையும் பங்கு பிரித்தாயிற்று. கன்னக்குழி, சுருட்டை, நெட்டை, பூனைக்கண் நாலு பேரும் பல்லத்தைக்கு. எப்போதும் ஓரத்தில் நின்று, ஒரு பாட்டுக்கு ஒரு வரி பாடுகிற தொப்பிக்காரன் வாத்துக்கு. "அவன் பாவம்டி, நீ வச்சுக்கோ" என்று தாராள மனசோடு கொடுத்தாள். வாத்தும் வாங்கிக்கொண்டாள்.

அப்புறம் கல்யாணம், பிள்ளைகள், வேலை, முட்டிவலி. சுருட்டை சண்டை போட்டுக்கொண்டு குழுவைவிட்டு வெளியேறிய நாளில் பல்லத்தைக்கு மசக்கை. வாந்தி எதற்கு, அழுகை எதற்கு என்று வீட்டில் யாருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எது வந்தாலும் போனாலும் பாட்டு மட்டும் நிற்கவில்லை. போன வருஷம் ஐவரின் ஆல்பங்களைத் துடைத்துத் துலக்கி மறுபடி வெளியிட்டார்கள். உடனே பல்லத்தை சனிக்கிழமை மறுவிசாரணையை ஆரம்பித்தாள். வாரம் ஒரு ஆல்பம் என்று பெயர், ஆனால் பாதிகூடத் தாண்டாது. ஒவ்வொரு பாட்டாக நிறுத்தி, அன்றைக்குக் கொடுத்த தீர்ப்பு இன்றைக்கும் செல்லுமா என்று வழக்கு நடக்கும். முதல் ஆல்பத்தில் பாதிப் பாட்டு வெறும் கைதட்டல் என்று தெரிந்தது. இரண்டாவது ஆல்பம் இன்னமும் அழவைத்தது. அதன் கடைசிப் பாட்டுக்கு அவர்களிடம் ஒரு தனி முடிவே உண்டு. கடைக்காரர் பதிவு செய்து கொடுத்த கேசட்டில் நாடா தீர்ந்துபோய்ப் பாட்டு பாதியில் அறுந்துவிட்டதால், மிச்சத்தை இரண்டு பெண்களும் தாங்களே கட்டிப் பாடிக்கொண்டார்கள். நிஜ முடிவைப் பல வருஷம் கழித்துக் கேட்டபோது, "நம்மளுதுதான் நல்லாருக்கு" என்று ஒருமனதாகத் தீர்ப்பானது.

இப்படிப்பட்ட நீதிமன்றத்துக்குள்தான் மருமகள் ஒயரோடு நுழைந்திருந்தாள்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு வாத்துக்கு வரிசையாகக் காரணங்கள் முளைத்தன. ஒரு வாரம் தலைவலி. அடுத்த வாரம் அவளுடைய சலவைக் கடையில் ஏதோ ஹோட்டல் திரைச்சீலைகள் வந்து குவிந்துவிட்டதாம். பல்லத்தை நம்பினாள். நம்பிவிட்டுக் குப்பையைக் கொட்டுகிற சாக்கில் இரண்டாவது மாடி வழியாக இறங்கினாள். கதவுக்குப் பின்னால் அதே சிரிப்பு. தலைவலிக்காரி சிரிக்கிற சிரிப்பா அது! குப்பையைக் கொட்டாமல் அப்படியே மேலே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"பாட்டுதானே? தனியாக் கேட்டா பாடமாட்டானுங்களா?" என்றார் வீட்டுக்காரர், செய்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த மனுஷனிடம் என்னவென்று சொல்வது? தனியாகக் கேட்டால் பாடுவார்கள். ஆனால் கன்னக்குழி மூச்சு வாங்குகிற இடத்தில் திரும்பிப் பார்க்கப் பக்கத்தில் ஒரு முகம் வேண்டும். தன் வயசில் பாதிகூட ஆகாத ஒரு பெண் அந்த இடத்தில் கால் மடக்கி உட்கார்ந்திருக்கிறாள். அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. அவள் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறாள். இரண்டாவது ஆல்பத்தை முதல் தடவையாகக் கேட்பதற்குப் பல்லத்தை தன் முட்டி இரண்டையும் கொடுத்திருப்பாள். வாத்து அந்தப் பாக்கியத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறாள், தன்னை விட்டுவிட்டு.

பொறாமை வேலையிலும் தெரிந்தது. வங்கி மேலாளர் ஒருவருக்குச் செய்த முன்பல், பக்கத்துப் பல்லோடு ஒட்டாமல் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி போய்ச் சேர்ந்தது. டாக்டர் திருப்பி அனுப்பினார். பல்லின் நிறம் பார்ப்பதில் அந்த லேபிலேயே அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று பெயர் எடுத்தவள். மேலாளர் இன்னும் சில நாள் வாயைப் பொத்திக்கொண்டு கடன் மறுக்க வேண்டியிருந்தது. அந்தப் பாவத்தையும் மருமகள் கணக்கிலேயே எழுதினாள் பல்லத்தை.

வாத்து எல்லோரையும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டாள். பல்லத்தை தயாராகப் போனாள். சாப்பாடு முடிந்து, ஆண்கள் மேட்ச் பார்க்க உள்ளறைக்குள் போனதும், சோபாவில் மருமகளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஐவர் பாட்டெல்லாம் கேக்கறியாமே. எந்த ஆல்பம் வரைக்கும் வந்திருக்கே?"

"எல்லாமே கொஞ்சம் கொஞ்சம், பல்லத்தை."

"அப்படியா? ரெண்டாவதுல முதல் பாட்டு, ஆரம்பத்துல ரகசியம் பேசற மாதிரி ஒரு குரல் வருமே. அது யாரு?"

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் மேஜையில் இல்லாத கறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தொப்பி போட்டவரு?"

"தொப்பி அந்தப் பாட்டுல வாயே தொறக்கல." பல்லத்தைக்கு உடம்பெல்லாம் சந்தோஷம் பரவியது. "சரி, அத விடு. உனக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு எது? அதையாவது சொல்லு."

"அந்த மழைப் பாட்டு," என்றாள் மருமகள், இந்தத் தடவை தயங்காமல். அவள் முகமே மலர்ந்துவிட்டது. "மழையில நனைஞ்சுக்கிட்டே ரயிலப் பாத்துப் பாடுவாங்களே. அது எனக்கு நிஜமாவே உயிரு."

"மழைப் பாட்டா? ஐவருக்கு மழைப் பாட்டே கிடையாதும்மா! மழையில நனைஞ்சுக்கிட்டு மூக்கு ஒழுக அழுதது அந்த நாலு..."

பல்லத்தை நிறுத்தினாள். நால்வர். ஐவருக்கு எதிராகக் கிளம்பிய குழு. ஐவரின் மூன்றாவது ஆல்பத்தை விற்பனையில் கவிழ்த்த பாவிகள். அவர்கள் பெயரை அவள் வீட்டில் எடுக்கக்கூடாது. இந்தப் பெண்ணுக்கு அந்தப் பாட்டு எங்கிருந்து தெரியும்?

பல்லத்தை திரும்பி வாத்தைப் பார்த்தாள். வாத்து துடைப்பதை நிறுத்திவிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை.

"அத்தை, சொல்லிடுங்களேன்," என்றாள் மருமகள் மெதுவாக.

"என்னத்தச் சொல்லணும்?" என்றாள் பல்லத்தை.

வாத்து துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "நாங்க கேட்டது நால்வர்டி. எனக்கு அவங்களத்தான் பிடிக்கும்."

"எப்பத்துலேருந்து?"

"எப்பவுமே."

உள்ளறையில் யாரோ அவுட் ஆனார்கள். ஆண்கள் கத்தினார்கள்.

"அப்ப தொப்பி?"

"நீதானே கொடுத்தே? வேண்டாம்னா சொல்ல முடியும்? புதுசா வந்து சேந்த ஸ்கூல். என்கூடப் பேசினது நீ ஒருத்திதான். நீ ஐவர்னா நானும் ஐவர்."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது? நம்ம பெஞ்சுல ஒட்டடக்குச்சி இருந்தாளே. நால்வர் படத்த டப்பாவுல ஒட்டிட்டு வந்தான்னு அவகூட ஸ்கூல் முடியற வரைக்கும் நீ பேசல. பரீட்சைக்குப் பேனா கேட்டா, அதுக்கும் பேசல. பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தவ நான்."

அது உண்மை. ஒட்டடக்குச்சி கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தபோதுகூடப் பல்லத்தை முகம் கொடுத்துப் பேசவில்லை.

"ரெண்டாவது ஆல்பம் முடியறப்ப எத்தன தடவ என்கூட அழுதிருக்கே! அதெல்லாம் நடிப்பா?"

"நீ அழுதா எனக்கும் அழுக வரும். அதுல நடிப்பு இல்ல." வாத்து மூக்கை உறிஞ்சினாள். "அந்த அறுந்த பாட்டுக்கு நாம கட்டின முடிவு இருக்கே, அது எனக்குப் பிடிக்கும். அது அவங்களது இல்லல்ல."

இதற்கு அழுவதா, அறைவதா என்று பல்லத்தைக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் முன்னால் வேறொன்று குறுக்கே வந்து நின்றது. அவள் மருமகளைப் பார்த்தாள்.

"முப்பது வருஷமா என்கிட்ட சொல்லாதத, நேத்து வந்தவகிட்ட சொல்லியிருக்கே."

இத்தனை நாளும் ஒரு சோபா இடத்துக்காகவும் ஒரு காதுக்காகவும்தான் பொருமியிருந்தாள். இது அந்தப் பொறாமைகளையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது. உண்மையான வாத்தை இந்தப் பெண் பார்த்திருக்கிறாள். தான் ஒரு நாளும் பார்க்கவில்லை.

"நானாச் சொல்லலடி. துணி தேய்ச்சுக்கிட்டே வாய்க்குள்ள பாடிக்கிட்டிருந்தேன். 'உங்களுக்கு என்ன பாட்டு அத்தை பிடிக்கும்?'னு கேட்டா." வாத்து அதைச் சண்டையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "அதுவரைக்கும் என்னைய யாரும் அப்படிக் கேட்டதில்ல."

பல்லத்தை யோசித்துப் பார்த்தாள். மறுவிசாரணையில் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறாள். கன்னக்குழியா சுருட்டையா, இந்த வரியா அந்த வரியா, முதல் ஆல்பமா இரண்டாவதா. இந்த ஒரு கேள்வி மட்டும் அவள் வாயில் வந்ததே இல்லை. கேட்டவளின் மேல் கோபப்பட நினைத்தாள். கோபம் கிளம்பி வந்து, போக இடமில்லாமல் தன் மேலேயே உட்கார்ந்தது.

"போடு," என்றாள்.

"என்னது?"

"அந்த மழை எழவப் போடு. கேக்கறேன்."

மருமகள் சோபாவிலிருந்து எழுந்து இடம் விட்டாள். தன் பக்கத்துக் காதுமுனையைத் துடைத்துப் பல்லத்தையின் கையில் கொடுத்துவிட்டு, கீழே தரையில் மாமியாரின் காலோரம் உட்கார்ந்துகொண்டாள். ஒயர் நீளம் போதவில்லை. வாத்தின் பக்கம் நன்றாகச் சாய வேண்டியிருந்தது. அவள் மேல் எப்போதும் வருகிற சலவைச் சோப்பு வாசனை வந்தது.

பாட்டு ஆரம்பித்தது. முதலில் இடி. அப்புறம் ரயில் ஊதியது. அப்புறம் நாலு ஆண்பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் முனகினார்கள். பல்லத்தை எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தது. ஒருத்தனுக்கும் சுருதி நிற்கவில்லை. இதைக் கேட்டா இவள் கிறங்கிப்போனாள்? சொல்ல வந்ததை மென்று விழுங்கினாள். வாத்து ஓரக்கண்ணால் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"எப்படிடி இருக்கு?"

"நல்லா... நல்லாத்தான் இருக்கு."

"வெளக்கெண்ண குடிச்ச மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு நல்லாருக்குன்னு சொன்னா எவ நம்புவா?" வாத்து அவள் கையைத் தட்டினாள். "கண்ண மூடிக்கோ. தலைய ரொம்ப ஆட்டாத, லேசா ஆட்டு. ஒவ்வொரு பாட்டுலயும் ஒரு எடத்துல மட்டும் 'ஐயோ'ன்னு சொல்லு, போதும். நான் அப்படித்தான் ஓட்டினேன்."

பல்லத்தை கண்ணை மூடிக்கொண்டாள். தலையை லேசாக ஆட்டினாள். நாலு பேரும் மழையில் நனைந்துகொண்டே போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். வாத்தும் மருமகளும் ஒருத்தியை ஒருத்தி பார்த்து, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வயிறு மறுபடி பற்றிக்கொண்டது. திறந்த கண்ணை மூடிக்கொண்டு, "ஐயோ" என்றாள்.