ஊசிக்கு முந்தைய ரத்தம்

என் மனைவிக்குப் பத்து ஊசி போட்டவன் நான்.

அவள் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். அவளுடைய ஸ்டெம் செல் மட்டும்தான் அவனுக்குப் பொருந்தியது. தானம் கொடுக்கும் முன் அந்த அணுக்கள் எலும்பிலிருந்து ரத்தத்துக்கு வரவேண்டும். அதற்கு வளர்ச்சி ஊசி, காலையும் மாலையும், ஐந்து நாள். அலைச்சல் வேண்டாமென்று நர்ஸிடம் நானே கற்றுக்கொண்டேன். வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்துப் போடவேண்டும். பட்டதாரி கம்பவுண்டர் ஆயிட்டார் பாரு என்று சிரிப்பாள். மூன்றாம் நாள் இடுப்பெலும்பு வலியில் சிரிப்பு நின்றது.

தம்பி பிழைத்தான். எதற்கெடுத்தாலும் சண்டைக்கு வந்தான். கேட்டால், அக்கா ரத்தம் ஓடுகிறது, வேறெப்படி இருக்கும் என்பான்.

நான்காம் வருடம் அவளுக்கே ரத்தப் புற்றுநோய். ஏழு மாதம் இருந்தாள்.

ஊசியாலா என்று டாக்டரிடம் கேட்டேன். தானம் கொடுத்தவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்ததில் அப்படித் தெரியவில்லை என்றார். இவள் விஷயத்தில் உறுதியாகச் சொல்வீர்களா என்றேன். அவள் கோப்பைத் திறந்து பார்த்தார். முதல் ஊசிக்கு முன் எடுத்த அவள் ரத்தம் ஆய்வகத்தில் உறைநிலையில் இருக்கிறது, அதன் மரபணுவைப் பார்க்கலாம் என்றார். நோயை உண்டாக்கிய மாற்றம் அதிலேயே இருந்தால், ஊசி அதை உண்டாக்கவில்லை.

கணவன் கையெழுத்துப் போதும். போட்டேன். தம்பியிடம் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார். மாற்றம் அன்றைக்கே இருந்திருக்கிறது, மிகச் சில அணுக்களில். நாற்காலியில் சாய்ந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு மூச்சு முழுதாக உள்ளே போனது. டாக்டர் காத்திருந்தார்.

"அவங்க தம்பியை வரச் சொல்லுங்க."

அப்போதுதான் உறைத்தது. அதே அணுக்களைத்தான் அவனுக்கு ஏற்றினார்கள்.

அவன் வேலை செய்யும் கண்ணாடிப் பட்டறைக்குப் போனேன். நான் சொன்னதையெல்லாம் கண்ணாடி வெட்டிக்கொண்டே கேட்டான். முடித்ததும் கையுறையைக் கழற்றினான்.

"அப்ப நீங்க போட்ட ஊசியால இல்லையா, மாமா?"

"இல்லடா."

"எனக்கு?"

"டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும்."

மேஜைமேல் கிடந்த கண்ணாடித் துகளைத் துணியால் ஒதுக்கினான்.

"என்ன வந்தாலும், அது அக்காகிட்டருந்து வந்துச்சுன்னு அம்மாவுக்குத் தெரியவேணாம்."

சரி என்றேன். டெஸ்டுக்கு நாளைக் காலை எத்தனை மணிக்கு என்று கேட்டான். சொன்னேன். டாக்டர் அறையில் ஒரு நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்ததை மட்டும் சொல்லவில்லை.