தரை தட்டிய பெடல்

1

இந்தக் கதை என் வலது கெண்டைக்காலில் பிறந்தது. அக்கா கிளாராவின் வேனில் உட்கார்ந்து இரண்டு நாளாக பிரேக் பெடலை மிதித்தவன் நான். (கலைக்கு இதைவிடப் பெரிய காரணம் சொல்லலாம். பொய்யாகிவிடும்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மலைக்கோட்டைக்குப் பின்னால் சூரியன் மெல்ல..." வேண்டாம். சூரியனுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?

2

விஷயம் இதுதான். கிளாரா ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கி, கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து, ஓடுகிற வீடாக்கியிருந்தாள். டீச்சர். லீவு விட்டதும் கடலோரமாகவே ஓட்டிக்கொண்டு போக வேண்டுமென்பது நாலு வருஷ ஆசை. முன் பிரேக்கை மட்டும் அவள் வீட்டுக்காரர் பாக்கியராஜ், "மெக்கானிக் எதுக்கு, நான் இருக்கேன்ல" என்று கழற்றி மாட்டினார். அன்றிலிருந்து பெடல் தரை தட்டுகிறது. வண்டி நிற்பதில்லை.

ஞாயிறு நாலு மணிக்கு எரியோட்டுக்காரர் நல்லுசாமி வருவார். அதற்குள் சரியாகாவிட்டால் வேன் அவருக்கு, பரோட்டாக் கடை போட. கிளாராவே வெறுத்துப்போய்க் கொடுத்த வாக்கு.

3

பாக்கியராஜை வில்லனாக்கப் பார்த்தேன். மனுஷன் ஒழுகல் தேடி, மூன்று தடவை பிரேக் ஆயில் மாற்றி, வேனுக்கு அடியிலேயே சோறும் தின்றார். அப்படிப்பட்டவரைப் போய்...

"மிதி மாப்ள!"

"மிதிச்சுட்டேன் மச்சான்."

"விட்றாத, புடி!"

சக்கரத்தில் இருக்கும் சின்ன நட்டைத் திறந்து காற்றை வெளியேற்றுவார். மூடுவார். பெடல் மறுபடியும் பஞ்சு.

"கழட்டுறப்ப வீடியோ எடுத்தீங்கள்ல? அதைப் போடுங்க," என்றாள் கிளாரா.

போட்டார். இருபது நிமிஷம். முழுக்க அவர் முகம்.

4

(இங்கே ஒரு மெக்கானிக்கை வரவழைத்து போனில் ஒரு பத்தி டைப் செய்தேன். கிளாரா போனைப் பிடுங்கி அழித்துவிட்டாள். "எவன்டா அவன், நடுவுல?")

ஞாயிறு, மணி ஒன்று. அவள் சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு வெகுநேரம் பார்த்தாள்.

"ஏங்க, நம்ம பூத்தோட்டத்துப் பைப்புல காத்து அடைச்சா எந்த வால்வைத் தொறப்பீங்க?"

"மேட்டுல இருக்கிறதத்தேன். காத்து மேலதான நிக்கும்."

"அப்ப இந்த நட்டு ஏன் கீழ கெடக்கு?"

பாக்கியராஜ் குனிந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். சக்கரத் தட்டைக் கவ்வும் காலிபர் இரண்டையும் கழற்றி ஒரே சாக்கில் போட்டிருந்தார். எடுத்து மாட்டும்போது இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிவிட்டார். காற்று மேலே உட்கார்ந்திருக்க, இரண்டு நாளாகக் கீழே கதவைத் திறந்துகொண்டிருந்தோம்.

5

மாற்றி மாட்டினோம். நட்டு மேலே வந்தது. மிதித்தேன். புஸ்ஸென்று காற்று. மறுபடி மிதித்தேன். பெடல் கல்!

"அக்கா, நிக்குது!"

நல்லுசாமி வந்து, வீட்டுக்கு எதிரே இருக்கிற மைதானத்து ஓரம் நின்றார். கிளாரா வேனை விரட்டி வந்து ஒரே மிதி. வேன் அசையாமல் நின்றது; உள்ளே சட்டி பானையெல்லாம் உருண்டு முன்னால் வந்தது.

"ஏந்தாயி, இப்புடிப் புடிச்சா என் தோசக்கல்லு என்னத்துக்காகும்?"

"அதேன் சொல்றேன்ணே, இந்த வண்டி ஒங்களுக்குத் தோதுப்படாது."

பாக்கியராஜ் கிரீஸ் கையோடு விசிலடித்தார்.

6

முடிவாக வேளாங்கண்ணி என்று எழுதினேன், அடித்தேன். ராமேஸ்வரம் என்று எழுதினேன், அதையும் அடித்தேன். இப்போது நான் பின்கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு டைப் செய்கிறேன். பைபாஸ் வந்துவிட்டது. கிளாரா அழகாக நிறுத்திவிட்டு, "எந்தப் பக்கம்?" என்கிறாள்.

இடதா, வலதா? நீங்களே சொல்லுங்கள். மச்சானிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.