பலகைக்கு அந்தப் பக்கத்து பிளக் பாயிண்ட்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் ஒரு மோட்டார் மெக்கானிக். டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். முடிவைக் கேட்க மறந்துவிட்டேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: காலை வெயில் பட்டறையின் தகரக் கூரையில் விழுந்து—

வேண்டாம். வெயிலுக்கும் கம்ப்ரெசருக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது தொடக்கம்: அக்கா சுவிட்சைப் போட்டாள். கம்ப்ரெசர் முனகியது, ஓடவில்லை.

இது இருக்கட்டும்.

2

அக்கா ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பவள். தம்பி அலமாரி செய்வான், அவள் பெயின்ட் அடிப்பாள். ஒரே பட்டறையில் பதினோரு வருடம். போன மாதம் நடுவில் பிளைவுட் அறைந்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பெயின்ட் பீய்ச்சக் காற்றடிக்கும் கம்ப்ரெசர் அக்காவுக்கு வந்தது. அதற்கென்றே தடித்த ஒயர் இழுத்துப் போட்டிருந்த பிளக் பாயிண்ட் தம்பி பக்கம் போய்விட்டது. (கோபத்தில் பங்கு பிரிக்கிறவர்கள் பிளக்கையா பார்ப்பார்கள்?)

இப்போது அவள் தனியாகப் பிடித்த முதல் வேலை, பன்னிரண்டு கதவுகள், வாரக் கடைசிக்குள் முடிய வேண்டும். தவறினால் இனி யாரும் அவளை நம்பி வேலை தரமாட்டார்கள் என்று அவளுக்குப் பயம்.

3

வாசல் பக்கத்து பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்தாள். முனகல்தான். டேங்க் முள்ளைப் பார்த்தாள், காற்றழுத்தம் பூஜ்யத்தில் இருந்தது; அதுவும் தடையில்லை. மோட்டார் ஆறும்வரை காத்திருந்து, சூடேறினால் தானே துண்டித்துக்கொள்ளும் சிவப்பு பட்டனை அழுத்தினாள். மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரைப் புதிதாக மாற்றினாள். மறுபடி முனகல். மூன்றாம் நாள் மெக்கானிக் வந்தார்.

"எங்கேர்ந்து கரன்ட் எடுக்கறீங்க?"

"வாசல்லேர்ந்து."

அவர் ஒயரை விரலால் உருட்டிப் பார்த்தார். "மெஷின் மேல ஒரு குத்தமும் இல்ல. ஒயர் மெல்லிசு, நீளமும் ஜாஸ்தி. கிளம்பற நேரத்துல மோட்டாருக்குத் தெம்பு பத்தல. பக்கத்துலயே ஒரு பாயிண்ட் இருந்துச்சே?"

"அது அவன் பக்கம்."

"கேட்டா குடுக்க மாட்டாரா?"

"கேக்கணுமில்ல," என்றாள் அக்கா.

(தடித்த ஒயராக வாங்கினால் தீர்ந்தது என்பீர்கள். அது ஒரு முடிவுதான். ஆனால் பலகை அப்படியே நிற்கும்.)

4

தம்பி மட்டும் எழுத்தில் பிடிபடவே மாட்டேன் என்கிறான். ஏன் பிரிந்தார்கள் என்று எழுதி எழுதி அடித்தேன்.

அக்கா அடித்த பெயின்ட் உரிந்துவிட்டதால்— பொய்.

இருவருக்கும் வார்த்தை தடித்து— பாதிப் பொய்.

நடந்தது இதுதான். "இன்னும் ஒரு நாள் காயணும்டா" என்று அவள் சொல்லியும் தம்பி காதில் போட்டுக்கொள்ளாமல் அலமாரியை வண்டியில் ஏற்றிவிட்டான். வாங்கினவர் உரிந்த கதவோடு வந்து சத்தம் போட்டபோது, அத்தனை பேர் முன்னால், "பெயின்ட் வேலை என்னுது இல்லீங்க, அக்காவைக் கேளுங்க" என்றான்.

 மறுநாள் அவள் பட்டறையைப் பாதியாக அளக்க அளவு நாடாவோடு வந்து நின்றாள்.

5

முதல் பகுதியில் சொன்னது பொய். மெக்கானிக் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஆறு மில்லி கனமுள்ள பிளைவுட்டில் எல்லாமே கேட்கும். அதை அறைந்த தம்பி நான்தான்.

மூன்று நாளாக அந்த முனகலைக் கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன். என்ன கோளாறு என்று முதல் நாளே எனக்குத் தெரியும். தெரிந்தும் உளி தீட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை பலகையில் பிளக் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டேன். மரத்தூள் அவள் பக்கம் விழுந்திருக்கும்.  பிறகு ஓட்டை வழியாக கம்ப்ரெசரின் பிளக் வந்தது. இதோ, என் கையில் இருக்கிறது.

மாட்டிவிட்டால் மோட்டார் ஓடும். ஓடினால் அந்த இரைச்சலில் நான் பேசுவது அவளுக்குக் கேட்காது. எனக்கு அது எவ்வளவு வசதி என்று உங்களுக்கே தெரியும்.

"அக்கா, அன்னிக்குக் காயறதுக்குள்ள ஏத்தினது—"

இதற்கு மேல் எழுத்தில் வரவில்லை. மீதியை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். நான் பிளக்கைக் கீழே வைத்துவிட்டு, ஓட்டையருகே குனிகிறேன்.