கும்பல் என்றொரு பிரவுசர்

1

இந்தக் கதை நானாக யோசித்ததல்ல. பஸ்ஸில் காதில் விழுந்தது.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ். சிப்காட் ஸ்டாப் தாண்டியதும் முன் சீட்டுப் பெண் போனில் கத்த ஆரம்பித்தாள். "அப்பா, பிரவுசர்னா கூகுள் இல்லப்பா. கூகுள் அதுக்குள்ள வரும். நாங்க செஞ்சது அதுக்கு வெளிய இருக்கறது." அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, கொஞ்சம் யோசித்தாள். "வீடுன்னு வெச்சுக்கயேன். கூகுள் வாசக்கதவு." பிறகு தனக்கே அது பிடிக்காமல், "இல்ல, அப்படியும் இல்ல" என்றாள். பக்கத்தில் மடியில் லேப்டாப்போடு இருந்தவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தான்.

புதுச்சத்திரத்தில் நான் இறங்கிவிட்டேன். அவர்கள் எதற்குப் போனார்கள், போன காரியம் என்ன ஆயிற்று, எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். யாரிடமாவது சொல்லிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

வங்கக்கடலின் மீது செங்கதிரோன் தன் பொற்—

பிரவுசர் கதைக்குச் சூரியன் எதற்கு? அடித்தேன். அடுத்தது:

கோடிக்கணக்கானோர் சமூக ஊடகங்களில் உலவிவரும் இக்காலகட்டத்தில், அவற்றுக்கெனவே உருவாக்கப்பட்ட ஓர் உலாவி—

இது கருத்தரங்கக் கட்டுரை. ('உலாவி' நல்ல சொல்தான். ஆனால் என் கதையில் ஒருத்தர்கூட அதை வாயில் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். கடலூர்ச் செம்மண்டலத்தில் பிரவுசர் பிரவுசர்தான்.)

சரி, நேராக ஆளிடம் போய்விடுகிறேன்.

3

குணசுந்தரி கடலூர்த் தேவனாம்பட்டினத்துப் பெண். அப்பா பஞ்சநாதன் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் படித்தாள். சென்னையில் சில வருஷம் வேலை பார்த்தாள். பிறகு, கூடப் படித்த செந்தமிழ்செல்வனோடு சேர்ந்து சொந்தமாக ஒன்று செய்யப்போகிறேன் என்று வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். இருவரும் செம்மண்டலத்தில் ஒரு மாடி அறையைப் பிடித்தார்கள்.

(ஒரு ஆண், ஒரு பெண், ஒரு மாடி அறை என்றதும் நீங்கள் கல்யாணத்துக்குத் தயாராகிவிடுவீர்கள். கதையில் கல்யாணம் உண்டு, இவர்களுடையது இல்லை. செல்வனுக்குச் சிதம்பரத்தில் மனைவி இருக்கிறாள், மாமியாரும் இருக்கிறார். இருவருக்குமே இந்தப் பிரவுசர் மேல் நம்பிக்கை கிடையாது.)

அவர்கள் செய்த பிரவுசருக்குப் பெயர் கும்பல்.

"கும்பல்னு பேர் வெச்சா போலீஸ்தான் வரும்" என்றார் பஞ்சநாதன். ஆனாலும் முதலில் போனில் ஏற்றிக்கொண்டவர் அவர்தான்.

கும்பலைத் திறந்தால் நடுவில் நீங்கள் பார்க்கிற பக்கம். ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு ஓடை. நீங்கள் எந்தெந்த சமூக ஊடகத்தில் இருக்கிறீர்களோ, அத்தனையிலும் வருகிற படம், வீடியோ, சண்டை, வாழ்த்து எல்லாம் ஒரே இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஆப் ஆப்பாக ஏறி இறங்க வேண்டாம். அந்த ஓடையைச் செல்வன் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து கட்டினான். அதுதான் கும்பலின் உயிர் என்று இருவருமே நம்பினார்கள்.

4

கதையை நிறுத்திக் கொஞ்சம் வாதம் செய்கிறேன். வேண்டாதவர்கள் ஐந்தாம் பகுதிக்குப் போகலாம்.

சமூக ஊடகத்துக்கென்று ஒரு பிரவுசர் ஜெயிக்குமா? நியாயமாகப் பார்த்தால் ஜெயிக்காது. ஒவ்வொரு கம்பெனிக்கும் சொந்த ஆப் இருக்கிறது. போனைத் தொட்டால் நேராக அதற்குள் போய் விழுகிறோம். நடுவில் இன்னொரு வாசல் எதற்கு? வெளிநாட்டில் கோடிகளைக் கொட்டி முயன்றவர்களே கடையைக் கட்டிவிட்டார்கள். குணசுந்தரிக்கும் இதெல்லாம் தெரியும். தெரிந்தேதான் இறங்கினாள். இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. புத்தியுள்ள பெண் ஏன் இதைச் செய்கிறாள்?

அவளையே கேட்டேன். (எழுதுகிறவனுக்கு இந்த வசதி உண்டு.)

"சென்னையில இருக்கும்போது தினம் ஃபோன் பாப்பேன். எங்க ஜனம் அத்தினி பேரும் அதுல இருப்பாங்க. ஆனா யாருமே எங்கூட இல்லாத மாதிரி இருக்கும். அதான்" என்றாள்.

இதற்கு மேல் கேட்பது நாகரிகமில்லை என்று விட்டுவிட்டேன்.

5

பிரவுசர் வெளிவந்தது. யாரும் சீந்தவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் ஏற்றிப் பார்த்துவிட்டு அழித்தார்கள். செல்வனின் மாமியார், "இந்த ஓரத்துல ஓடறதுதான் ஏற்கெனவே என் ஃபோன்ல ஓடுதே" என்றார். இதற்குள் சென்னைக் கம்பெனி குணசுந்தரியைத் திரும்பக் கூப்பிட்டது. முன்பைவிடப் பெரிய பொறுப்பு. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அவள் அத்தை மகள் சினேகாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை சாமியார்பேட்டை. சினேகா ஓசூரில் ஃபேக்டரி வேலையில் இருந்தாள். அத்தை தங்கம்மாள் தேவனாம்பட்டினத்தில். முகூர்த்தப் புடவையை ஆன்லைனில்தான் பார்க்க வேண்டும். அத்தை ஒரு படத்தை அனுப்புவாள். அதற்குள் சித்தப்பா வேறொன்றை அனுப்பிவிடுவார். எதை நல்லா இருக்கிறது என்றார்கள், எதை வேண்டாம் என்றார்கள் என்று யாருக்கும் புரியாது.

பார்க்கச் சகிக்காமல் குணசுந்தரி கும்பலின் மூலையில் ஒரு பொத்தான் வைத்தாள். பெயர் 'கூட்டு'. அதை அழுத்தினால் நீங்கள் பார்க்கிற பக்கத்தையே உங்கள் வீட்டு ஆட்கள் எல்லாரும் அவரவர் போனில் பார்க்கலாம், பேசலாம். யார் விரல் வைத்து நகர்த்தினாலும் எல்லாருக்கும் நகரும். செல்வன் அதைப் பார்த்துவிட்டு, "என்னா குணா, ஒருத்தர் கையி இன்னொருத்தர் பக்கத்த இழுக்குது. இது பக்* ஆச்சே" என்றான்.

"கல்யாணம் முடியட்டும், எடுத்துடறேன்" என்றாள்.

* பக் என்றால் மென்பொருளில் வருகிற கோளாறு. செல்வனின் மனைவி முதல்முறை கேட்டபோது மூட்டைப்பூச்சி என்றுதான் நினைத்தாள்.

6

பஸ்ஸில் நான் பார்த்த நாளுக்கு வந்துவிட்டோம். சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு ஹால். புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்கான போட்டி. ஜெயித்தால் ஒரு வருஷத்துக்கு ஆதரவு. நடுவர்களில் மூத்தவர் சந்திரலேகா, பாண்டிச்சேரியில் சாப்ட்வேர் கம்பெனி நடத்துகிறவர். தோற்றால் சென்னைக்குப் போவது என்று குணசுந்தரி மனசுக்குள் முடிவு செய்திருந்தாள். செல்வனிடம் அதைச் சொல்லவில்லை.

(அவள் சேலை நுனியைத் திருகினாள் என்று எழுதி— அவள் சுடிதாரில் வந்திருந்தாள். அடித்துவிட்டேன்.)

மேடையில் பெரிய திரை. செல்வன் ஓடையை விளக்கினான். நன்றாகத்தான் விளக்கினான். அடுத்து குணசுந்தரி, "உதாரணத்துக்கு நீங்க ஒரு புடவை வாங்கறீங்கன்னு வெச்சுக்குவோம்" என்று ஒரு கடையின் பக்கத்தைத் திறந்தாள். அரக்கு நிறப் பட்டு ஒன்று திரை முழுக்க விரிந்தது.

அவள் தன் சொந்தக் கணக்கில் இருந்தாள். கூட்டுப் பொத்தானை அணைக்க மறந்திருந்தாள்.

"ஏ குணா!" அத்தையின் குரலில் ஹாலின் ஸ்பீக்கர் இரண்டும் அதிர்ந்தன. "அதாண்டி, அந்த அரக்குதான்! அங்கயே நிறுத்து!"

அணைக்கக் குணசுந்தரியின் கை போனது. அதற்குள் திரையில் பக்கம் தானாகக் கீழே இறங்கியது. கத்திரிப்பூ நிறத்தில் ஒரு புடவை வந்து நின்றது.

"எவ அத எறக்கனது?" என்று அத்தை மறுபடி மேலே தள்ளினாள். அரக்கு வந்தது. உடனே மீண்டும் கீழே. கத்திரிப்பூ.

"நான் இல்லம்மா, நான் போட்டைக் கரைக்கு ஒதுக்கிகிட்டிருக்கேன்" என்று பஞ்சநாதன் குரல், பின்னால் அலைச் சத்தத்தோடு.

மேலே. கீழே. மேலே. கீழே. ஹாலில் ஒரே சிரிப்பு. செல்வன் மேடை ஓரத்திலிருந்து, "ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு" என்று கையாட்டினான். ஆனால் குணசுந்தரியின் கை நின்றுவிட்டது. கீழே இழுக்கிற அந்த விரலையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அது பேசவில்லை, சண்டை போடவில்லை. அத்தை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் பொறுமையாகத் திரும்பக் கொண்டுவந்து வைத்தது.

"யாரு கீழ இழுக்கறது?" என்று மைக்கில் கேட்டாள்.

எல்லாரும் ஸ்பீக்கர் பக்கம் திரும்பினார்கள். ஸ்பீக்கரில் தூரத்து ஃபேக்டரிச் சத்தம்.

"நாந்தான்க்கா" என்றாள் சினேகா.

குடும்பத்தில் அவள் ஒரு விஷயத்தில் அபிப்பிராயம் சொல்லி யாரும் கேட்டதில்லை. சாப்பாட்டில் உப்பு ஜாஸ்தி என்றால்கூடத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போகிற பெண்.

"கத்திரிப்பூவா? முகூர்த்தத்துக்கா?" என்றாள் அத்தை, குரல் இறங்கி.

"அந்தப் பொண்ணுக்குப் புடிச்சத எடுங்கம்மா" என்று தன் மைக்கில் சொல்லிவிட்டார் சந்திரலேகா. அவரால் அடக்க முடியவில்லை.

"குணா, யாருடி அது, புதுக் கொரலு?"

"ஜட்ஜம்மா, அத்தை."

"ஐயையோ! கோர்ட்டுலயா நிக்கற? என்னாடி பண்ண?"

இதற்கு மேல் ஹாலில் ஒருத்தராலும் நாற்காலியில் ஒழுங்காக உட்கார முடியவில்லை. நாலாவது வரிசையில் ஒருவர் எழுந்து நின்று, "கத்திரிப்பூ!" என்றார். பின்னால் ஒரு அம்மாள், "அரக்குதான் லட்சணம்" என்றாள். ஹால் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கடைசியில் தங்கம்மாள், "சரி, கட்டப்போறவ அவதான. எடுத்துத் தொலைங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது. ஹால் கை தட்டியது. கைதட்டலுக்கு நடுவே ஓசூரில் ஒரு பெண் விசும்பினாள். பிறகு அவளும் சிரித்தாள்.

7

பரிசு, மீன் வண்டிக்குக் குளிர்ப்பெட்டி செய்த ஒரு கோஷ்டிக்குப் போயிற்று. (அவர்களுக்கே கொடுத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பஞ்சநாதனும் அதைத்தான் சொன்னார்: "உங்கள்து நல்லாருந்துச்சி. அவுங்கள்து எனக்கு வேணும்.")

கிளம்பும்போது சந்திரலேகா இருவரையும் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்த ஓரத்துல ஓடிகிட்டேயிருந்திச்சே ஒண்ணு, அத ஒருத்தரும் பாக்கல. கவனிச்சீங்களா?"

கவனித்திருந்தார்கள்.

மத்தியானம் கீழ வீதிப் பக்கம் ஒரு மெஸ்ஸில் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும். குணசுந்தரி இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "செல்வா, ஓடைய எடுத்துடலாம்."

இந்த இடத்தில் நான் திணறினேன். முதல் தடவை எழுதியபோது செல்வன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். சினிமாத்தனமாக இருந்தது. அடுத்த தடவை, "அதுக்கென்ன, எடுத்துடலாம்" என்று புன்னகைத்தான். ஒரு வருஷ உழைப்பை அப்படி யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. பிறகு அவனை விட்டுவிட்டு, அவன் என்ன செய்கிறான் என்று பார்த்தேன்.

அவன் இன்னொரு கரண்டி கொத்சு கேட்டு வாங்கிக்கொண்டான்.

"அதுக்காக எத்தினி நாள் தூங்கல தெரியுமா உனக்கு?"

"தெரியும்டா. பக்கத்துலதான இருந்தேன்."

"சமூக ஊடகத்துக்குன்னு சொல்லி ஆரம்பிச்சோம். ஊடகத்த எடுத்துட்டா மீதி என்னா இருக்கு?"

"சமூகம்" என்றாள் குணசுந்தரி. சொன்ன பிறகு அது கொஞ்சம் வசனம் மாதிரி இருப்பதை உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

செல்வன் சாப்பிட்டு முடித்தான். கை கழுவிவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தான். "நான் கட்டனத நாந்தான் பிரிப்பேன். நீ தொடாத" என்றான். மெஸ்காரர் இலையை எடுக்க வந்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மோரை வைத்துவிட்டுப் போனார். பிரித்து முடித்ததும் இருவரும் பார்த்தார்கள். ஓரம் காலியாக இருந்தது. நடுவில் ஒரு பக்கம், மூலையில் ஒரு பொத்தான். வேறொன்றுமில்லை.

"லேசா இருக்குல்ல?" என்றான் செல்வன். மோரைக் குடித்தான். "மச்சான், இப்பதான் திறக்கவே வேகமா திறக்குது!" என்று அவள் முதுகில் ஒன்று வைத்தான். மெஸ்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இருவரும் சிரித்தார்கள்.

8

கல்யாணம் நடந்தது. சினேகா கத்திரிப்பூ நிறத்தில் மணவறையில் உட்கார்ந்திருந்தாள். தங்கம்மாள் வருகிறவர்களிடமெல்லாம் அதைத் தானே தேர்ந்தெடுத்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வெற்றி தோல்வி சொல்லத் தெரியவில்லை. கும்பல் உலகத்தை வளைக்கவில்லை. பேப்பரில் வரவில்லை. ஆனால் சிதம்பரம் ஹாலில் கட்சி கட்டியவர்கள் வீட்டுக்குப் போய் ஏற்றிக்கொண்டார்கள். அவர்கள் மூலமாக இன்னும் சில வீடுகள். பிள்ளைக்குக் காலேஜ் பார்க்கிறவர்கள், மனை பார்க்கிறவர்கள், எதையோ ஒன்றைச் சேர்ந்து பார்த்துச் சேர்ந்து சண்டை போட வேண்டியவர்கள்.

முடிவுக்கு இரண்டு வரைவு வைத்திருந்தேன். ஒன்றில் குணசுந்தரி சென்னை போகிறாள். பகலில் அந்த வேலை, மற்ற நேரம் கும்பல். செல்வன் செம்மண்டலம் மாடியைப் பார்த்துக்கொள்கிறான். இன்னொன்றில் அவள் வேலையை மறுத்துவிட்டு, அப்பா கடலிலிருந்து திரும்புகிற நேரத்துக்குக் கரையில் நிற்கிறாள். இரண்டிலும் அவள் சந்தோஷமாகவே இருக்கிறாள் என்பதுதான் என் தொல்லை. சோகமென்றால் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சுலபம்.

ஆகவே அவளை மண்டபத்தில், பந்திக்கு வெளியே நிறுத்துகிறேன். மாப்பிள்ளையின் பெரியப்பா கண்ணாயிரம் அவளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். "ஏம்மா, இதுல எங்க சாமியார்பேட்ட ஆளுங்க அத்தினி பேரும் ஏற முடியுமா? எங்களுக்கு ஒரு கோயில் விவகாரம் இருக்கு." அவருக்குப் பின்னால் ஆட்கள் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். குணசுந்தரியின் இரண்டு கையிலும் மற்றவர்களின் போன்கள், அக்குளில் ஒன்று. அவளுடைய போன் பையில் அடிக்கிறது. சென்னைக் கம்பெனியின் நம்பர். அவள் இன்னும் பதில் சொல்லியிருக்கவில்லை.

அவளால் எடுக்க முடியாது, கை காலியில்லை. என் கையில் பேனா இருக்கிறது. உங்கள் கை சும்மாதானே இருக்கிறது? எடுங்கள். அவளுக்காக என்ன சொல்வீர்களோ சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், நாதஸ்வரம் பலமாக இருக்கிறது.