சைவ மீன்

சோறும் அவித்த கீரையும் போட்டு ஒரு மீனைக் கொன்றவள் நான். கடல் மீன். நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். பத்தொன்பது நாள் உயிரோடு இருந்தது.

போட்டது என் கை, சொன்னது என் அண்ணை முத்துக்குமாரு. "எங்கட வீட்டுக்குள்ள இறால் வராது. உள்ளதைப் போடு, பழகிப்போகும்" என்றார். எங்கள் வீடு சுத்த சைவம். ரயில்வேயில் பென்ஷன் வாங்கியவர் சொன்னால் சொன்னதுதான். நாற்பத்தைந்து வயதில், ஆஸ்பத்திரி ஆபீசில் பன்னிரண்டு பேரை மேய்க்கிற தலைமைக் கிளார்க் சிவமலர், அதாவது நான், அதற்கும் தலையை ஆட்டினேன். வெட்கக்கேடு.

எங்கள் ஆபீசிலிருந்து கூச்சிங்குக்கு மாற்றலாகிப் போன இந்திரா எனக்குக் கொடுத்துவிட்டுப் போன தொட்டி அது. இரண்டடி நீளம். போர்ட் டிக்சனிலிருந்து கேன் கேனாகக் கடல் தண்ணீர் கொண்டுவந்து, பிரிக்பீல்ட்ஸில் எங்கள் குவார்ட்டர்ஸின் மூன்று மாடிக்கும் சுமந்து ஏற்றியவள் நான்தான். யாரும் ஒரு கை கொடுக்கவில்லை. உபதேசம் மட்டும் தாராளமாகக் கிடைத்தது.

நீலம் செத்த பிறகு அண்ணை ஒரு சலுகை கொடுத்தார். "ஆசையெண்டால் சைவ மீனாப் பார்த்து வாங்கு." சனிக்கிழமை கிள்ளானுக்கு பஸ் ஏறினேன்.

"சைவ மீனா?" மீன் கடை வாசு சிரித்தே விட்டான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "இருக்கு லா அக்கா. இங்க பாருங்க."

எலுமிச்சை மஞ்சளில் ஒன்று கண்ணாடியில் படிந்திருந்த பாசியைக் கொறித்துக்கொண்டிருந்தது. வாசு கடற்பாசித் துண்டு ஒன்றைப் போட்டதும் ஓடிவந்து தின்றது. அழகான மீன். அண்ணைக்கும் சரி, எங்கள் குசினிக்கும் சரி. கட்டித் தரச் சொல்ல வாயெடுத்தேன்.

"தொட்டி எவ்ளோ பெருசு அக்கா?"

"ரெண்டடி."

வாசு தலையைச் சொறிந்தான். "வேணாம் அக்கா. இது ஒரு அடிக்கு வளரும். அதுல திரும்பக்கூட முடியாது. உடனே சாவாது, ஆனா சும்மா ஒரே எடத்துல நிக்கும். பாவம் லா."

சாகாமல் ஒரே இடத்தில் நிற்பது. அந்த வாழ்க்கையை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இருபத்தைந்து வயதில், கூட வேலை செய்த சோலையப்பன் என்னைப் பெண் கேட்டு வந்தார். நல்ல மனிதர். எனக்கும் பிடித்திருந்தது. "மீன் சமைக்கிற வீட்டுக்கு எங்கட பிள்ளையை அனுப்ப ஏலாது" என்று அண்ணை அவரை வாசலோடு அனுப்பிவிட்டார். நான் மூன்று நாள் சாப்பிடவில்லை. "தனிய இருக்கப் பழகிப்போகும்" என்றார்.

"வேற காட்டுங்க" என்றேன். "சின்னதா இருக்கணும். கடையிலயே நல்ல கலரா இருக்கணும்."

அடுத்த தொட்டியில் இருந்தது. செம்மஞ்சள் உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை, பட்டைகளின் ஓரத்தில் மை தீட்டியதுபோல் கறுப்பு. என் விரல் நீளம்கூட இல்லை, கண்ணாடியில் வைத்த விரலைக் கொத்த வந்தது. அந்தத் திமிர் எனக்குப் பிடித்துப்போயிற்று.

"சாப்பிடுதான்னு மொதல்ல காட்டுங்க."

வாசு நறுக்கிய இறாலைப் போட்டான். துண்டு கீழே இறங்குமுன் பாய்ந்து பிடித்தது.

"இதுக்கு இறால் போடணும் அக்கா. வீட்ல ஓகேயா?"

"வீடு என் பேர்லதான் இருக்கு" என்றேன். உண்மைதான். அண்ணை ரிட்டயராகி ரயில்வே வீட்டை விட்டபோது, என் உத்தியோகத்துக்குக் கிடைத்த வீட்டுக்குத்தான் எல்லோரும் வந்தோம். அதை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

மறுநாள் காலை பாசாரில் ஒரு பிடி இறால் வாங்கிவந்தேன். குசினியில் அண்ணி பூமணி காய்கறி நறுக்குகிற கத்தியையே எடுத்து, உரித்து நறுக்கினேன். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? வாடை பிடித்துக்கொண்டு அண்ணை வந்து வாசலில் நின்றார். பின்னால் அண்ணி.

"என்ன பிள்ளை இது? சைவ மீன் எண்டெல்லோ சொன்னனான்!"

"சைவ மீனுக்கு அந்தத் தொட்டி காணாது அண்ணை. இது இறால்தான் தின்னும்."

"உள்ளதைப் போடு. பழகிப்போகும்."

கத்தியைக் கீழே வைத்தேன். அவருக்கு நேராகத் திரும்பினேன்.

"எனக்கும் அப்பிடித்தான் சொன்னனீங்கள். இருபது வருஷம். பழகிப்போச்சோ எண்டு ஒருநாளும் கேக்கேல்லை. பழகேல்லை அண்ணை."

அவர் பார்வை என் முகத்தை விட்டுக் கத்திக்கு இறங்கியது. சோலையப்பன் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆனாலும் இறங்கி வருகிற மனிதரா?

"அந்தக் கத்தி இனி இந்த வீட்டில இருக்கப்படாது. இருந்தால் நான் இஞ்ச சாப்பிடமாட்டன்."

"அப்ப மீனாவது சாப்பிடட்டும்" என்றேன்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார். நான் தொட்டிக்குப் போய் ஒரு துண்டைப் போட்டேன். மீன் பாய்ந்து பிடித்தது. இன்னொன்று போட்டேன், அதையும் பிடித்தது. எனக்கு அழுகை வந்தது, கண்ணைத் துடைக்கவில்லை.

"திண்டதோ?" அண்ணி என் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகக் கேட்டார்.

"திண்டது."

குசினிக்குத் திரும்பினேன். கத்தியைக் கழுவித் துடைத்து, அது எப்போதும் இருக்கிற இடத்திலேயே வைத்தேன்.