ஒன்பது வினாடி

டிஸ்பென்சரித் தராசில் குழந்தையைக் கிடத்தியபோது இரண்டு கிலோ எழுநூறு என்று காட்டியது. பிறந்த அன்று இரண்டு கிலோ தொள்ளாயிரம். பதினோரு நாட்களில் மனிதப் பிறவி பின்னோக்கி வளர்ந்திருக்கும் விந்தையை டாக்டர் மூன்று முறை நிறுத்துப் பார்த்து உறுதிசெய்தார். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி கொண்டுவாருங்கள், ஏறியிருந்தால் சரி, இல்லாவிட்டால் டப்பாப் பால் எழுதித் தருகிறேன், அதில் குற்றம் ஒன்றுமில்லை என்றார் இந்தியில். மேகலா அக்காவின் காதில் குற்றம் என்ற சொல் மட்டும் விழுந்தது போலிருந்தது. குல்லாய், ஸ்வெட்டர், இரண்டு போர்வை, ஒரு ஜோடி கையுறை ஆகியவற்றை ஏந்தியபடி நான் பக்கத்தில் நின்றேன். ஜனவரி மாதத்து டெல்லியில் குழந்தையை எடை போடுவது வெங்காயம் உரிப்பது மாதிரி. உரித்து முடிக்கும்போது பார்ப்பவர் கண்ணில் நீர் வந்துவிடுகிறது.

பிரசவத்துக்கு வந்திருக்க வேண்டியவள் அம்மா. அவள் திண்டுக்கல்லில் மாடிப்படியில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு படுத்திருந்தாள். ஆகவே தாய்வீட்டின் சார்பில், முனிர்காவில் ஜன்னலில்லாத அறையில் தங்கி எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த நான் லோதி ரோடு குவார்ட்டர்ஸுக்கு அனுப்பப்பட்டேன். பத்ரி இருக்கான், அவன் பாத்துக்குவான் என்று அம்மா போனில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாளாம். எனக்குத் தெரிந்தது பூண்டு உரிப்பது.

பூண்டு நிறையவே தேவைப்பட்டது. இந்த நாட்டில் தாய்ப்பால் பற்றிக் கருத்து இல்லாத ஜீவன்கள் எருமைகள் மட்டும்தான் என்று அந்த வாரத்தில் கண்டுகொண்டேன். பூண்டு, வெந்தயம், சுறாப்புட்டு, ஓட்ஸ் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எங்க குடும்பத்துல யாருக்கும் இப்படி ஆனதில்லையே என்று காரைக்குடியிலிருந்து மாமியார் ஒரு நாளைக்கு இருமுறை சொன்னார். அத்தான் ஜெயகிருஷ்ணன் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். அவர் தன் பங்குக்கு ஓர் எக்ஸெல் தாள் திறந்து, இடது பன்னிரண்டு நிமிடம், வலது ஒன்பது நிமிடம் என்று குறித்துவந்தார். கடைசிக் கட்டத்துக்குக் ‘குறிப்புகள்’ என்று தலைப்பு. அதில் ‘அழுதது’ என்று எழுதியிருந்தார். அழுதது யார் என்று எழுதவில்லை.

அக்காவைத் தூக்கி நிறுத்தியது ஒரு வாட்ஸ்அப் குழு. டெல்லியில் பிள்ளை பெற்ற தமிழ்ப் பெண்களுக்காக ஜ்யோத்ஸ்னா என்ற டெல்லித் தமிழச்சி ஆரம்பித்தது. அங்கே யாரும் எதையும் எழுதமாட்டார்கள். இங்கேயே பிறந்தவர்களுக்குத் தமிழ் வாசிக்க வராது, வீட்டு வேலைக்குப் போகிறவர்களில் பலருக்கு எதுவுமே வாசிக்க வராது, ஆகவே எல்லாம் குரல் பதிவு. யாருக்குப் பிரசவமானாலும், ஒரு பஸ்ஸில் வரக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள் முறை வைத்து வருவார்கள். ஒருத்தி சோறு கொண்டுவருவாள், இன்னொருத்தி பெற்றவள் தூங்குவதற்காகப் பிள்ளையை இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்வாள். அக்காவின் இரண்டு கைகளும் குழந்தையிடம் மாட்டியிருந்ததால், திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தப் பதிவுகளைப் போட்டுக் காட்டுவது என் வேலை. மார்க்காம்பு வெடிப்பு, பால்கட்டு, காய்ச்சல் எல்லாம் கேட்டேன். முதல் நாள் காது சிவந்தது. மூன்றாம் நாள் யார் யார் எப்படி இழுத்துப் பேசுகிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கினேன். அது எனக்கு உள்ள வியாதி.

எடை போட்ட மறுநாள் ராஜாத்தி வந்தார். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர். ஜோர்பாகில் இரண்டு பங்களாக்களில் வேலையை முடித்துவிட்டு, பதினொன்றரைக்குச் செருப்பை வாசலில் விட்டு, கையைச் சுடுதண்ணீரில் கழுவிக்கொண்டு உள்ளே போனார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“பால் இருக்குது கண்ணு. அதுக்கு வழிதான் தெரியல. அதுக்கும் புதுசு, உனக்கும் புதுசு. தோள எறக்கு மொதல்ல. போலீஸ்காரன் மாதிரி உக்காந்திருக்கற.”

அக்கா பதினோரு நாட்களுக்குப் பிறகு சிரித்தாள். ராஜாத்தி குழந்தையின் வயிறு அவள் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பினார், வாய் அகலத் திறக்கும்வரை பொறுக்கச் சொன்னார். சற்று நேரத்தில் மடக் மடக் என்று சத்தம் கேட்டது. வாசல் அறையில் எக்ஸெல் தாளோடு உட்கார்ந்திருந்த அத்தான் எழுந்து நின்றுவிட்டார். தேசிய கீதத்துக்கு நிற்பது போல.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அக்கா மறுபடி உடைந்துபோனாள். நான் அம்மாவாக இருக்கவே லாயக்கில்லை என்று ராஜாத்திக்குத் தனியாகப் பேசி அனுப்பினாள். பதிலும் தனியாக வந்தது. இரண்டு நிமிடம் பதினான்கு வினாடி. போடுடா என்றாள் அக்கா. போட்டேன்.

“நான் சொல்றேன் கேளு. எங்க மதுவப் பெத்து இருவத்தஞ்சாம் நாளு டூட்டிக்குப் போயிட்டேன். அந்த வூட்டுலயும் ஒரு கொழந்த. அது அழுவும், எனக்கு இங்க நனஞ்சிரும். பாத்ரூமுக்குப் போயிப் பீச்சி வுடுவேன். எம்புள்ள வூட்டுல கஞ்சி குடிச்சிகினு கெடக்கும், நான் வாஷ்பேசினுக்குப் பால் குடுத்துகினு நிப்பேன்.”

அந்த இடத்தில் ராஜாத்தியே சிரித்தார். அதற்குள் குழந்தை விழித்து வீறிட்டது, அக்கா நிறுத்தச் சொன்னாள். அன்று மாலை, அக்கா தூங்கும்போது, அந்தப் பதிவை அவள் போனிலிருந்து என் போனுக்கு அனுப்பிக்கொண்டேன். நிறுத்திய இடத்திலிருந்த அந்த வாக்கியமும் சிரிப்பும் சேர்த்து ஒன்பது வினாடி. அதை மட்டும் ஒரு நாற்பது முறை கேட்டிருப்பேன். ‘குடுத்துகினு’ என்பதில் அந்த ‘கினு’ எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று பிடிபடும்வரை. மீதியைக் கேட்கவில்லை. எனக்குத் தேவைப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவர்களின் பொங்கல் விழா. நான் அத்தானின் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, சிரிக்காத முகத்தோடு, பால் நிலவரம் வாசித்தேன். “தலைநகரில் இன்று இடது பக்கம் இருபது மில்லி சரிவுடன் தொடங்கியது. காரைக்குடியிலிருந்து வந்த கண்டனத்தைத் தொடர்ந்து வலது பக்கமும் வீழ்ச்சி கண்டது. பூண்டு வரத்து அதிகரித்தும் நிலைமையில் மாற்றமில்லை.” மூன்றாம் வரிசை வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு, களத்திலிருந்து நமது நிருபர் என்று சொல்லிவிட்டு, துண்டைத் தோளில் போட்டு, ராஜாத்தியின் குரலுக்கு மாறினேன். “எம்புள்ள வூட்டுல கஞ்சி குடிச்சிகினு கெடக்கும், நான் வாஷ்பேசினுக்குப் பால் குடுத்துகினு நிப்பேன். அது நல்லா வெள்ளையா வளந்துச்சு.”

கடைசி வாக்கியம் என்னுடையது. அன்று அதைப்பற்றிப் பெருமையாக இருந்தது. அரங்கம் அடங்க வெகுநேரமானது.

வீடியோ புதன்கிழமை காலைக்குள் டெல்லித் தமிழர்கள் எல்லாரையும் சுற்றிவந்துவிட்டது. ஜ்யோத்ஸ்னா அதை, ‘இது நம்மைப் பற்றித்தான்’ என்று சிரிப்புப் பொம்மைகளோடு குழுவிலேயே போட்டார். ஒரு மணி நேரத்தில் அழித்தார். யாரோ குரலை அடையாளம் கண்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு குழுவில் ஒருவரும் பேசவில்லை. நாற்பது குரல்கள் ஒரே நேரத்தில் வாயை மூடுவதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பதினொன்றரை ஆனது. பன்னிரண்டு ஆனது. சோறு கொண்டுவர வேண்டிய பெண்ணும் வரவில்லை. பிள்ளைக்குச் சளி என்று அக்காவுக்குத் தனியாக ஒற்றை வரிக் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். அக்கா குழந்தையைத் தனக்குத் தெரிந்தபடி பிடித்துப் பார்த்தாள். அது வாயை வைப்பதும் எடுப்பதும் அழுவதுமாக இருந்தது. வாசலில் யார் நடந்தாலும் நிமிர்ந்தாள்.

இரண்டு மணிக்கு என்னைக் கூப்பிட்டாள். திரைச்சீலையை அவளே விலக்கியிருந்தாள். மடியில் குழந்தை அழுது ஓய்ந்து கிடந்தது. போனில் நான் கோட்டுப் போட்டு நின்றிருந்தேன்.

“கை தட்டுனாங்களாடா?”

“ம்.”

“அந்த எடத்துலயா?”

எந்த இடம் என்று கேட்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அந்தக் கணத்தை இப்போதும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

“ஆமாக்கா.”

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அதில் எனக்குப் பழக்கம் உண்டு. நாளன்னைக்கு வெயிட் பாக்கணும் என்றாள், என்னிடம் அல்ல, சுவரிடம். மாலையில் அத்தான் வந்து கணினியைத் திறந்தார். ‘உதவி’ என்ற கட்டத்தில் நான்கு நாட்களாக ராஜாத்தி என்ற பெயர் இருந்தது. ஐந்தாவதை அவர் வெற்றாக விட்டார். எப்போதும் எதையும் வெற்றாக விடாத மனிதர்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்பினேன். ஜங்புராவைத் தாண்டி ரயில் பாதையை ஒட்டிய குடியிருப்பு என்று அக்கா எப்போதோ சொன்னது நினைவிருந்தது. பஸ்ஸில் மன்னிப்பைத் தயாரித்தேன். ஏழெட்டு விதமாக மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு சிரிப்பு வெடி வந்து உட்கார்ந்துகொண்டது. அதைப் பிடுங்கினால் வாக்கியமே நிற்கவில்லை. இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியபோது என் கையில் இருந்தது வெறும் ‘அக்கா’ என்ற ஒரு சொல். எனக்கு அவரை அப்படிக் கூப்பிட உரிமை இருக்கிறதா என்பதும் தெரியவில்லை.

குடியிருப்பின் முனையில் தண்ணீர் லாரி வந்து நின்றிருந்தது. அதன் தலையில் பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் குழாய்கள் தொங்க, கீழே ஒவ்வொரு குழாயோடும் ஒருவர் மல்லுக்கு நின்றார். ராஜாத்தி வீடு எது என்று கேட்டேன். என் வயதுப் பெண் ஒருத்தி, ஒரு கையில் குழாயைப் பிடித்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீங்க அந்த நியூஸ் வாசிக்கறவர்தானே?”

தலையாட்டினேன். அவள் மதுமதி. கஞ்சி குடித்த பிள்ளை. என்னைவிட அரை அடி உயரமாக இருந்தாள்.

“அம்மா இல்ல. உங்க வீட்டுக்குத்தான் போயிருக்காங்க.”

“எங்க வீட்டுக்கா?”

“நாளைக்குப் பாப்பாக்கு வெயிட் பாக்கணுமாமே. நேத்து ஒருநாள் வேஸ்ட் ஆயிடுச்சு, இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் அங்கயே இருக்கேன்னு சொன்னாங்க. ரெண்டு கோட்டியிலயும், அதான் அந்தப் பங்களாவுலயும், லீவு சொல்லிட்டாங்க.”

நான் இங்கே மன்னிப்புக் கேட்க வந்துகொண்டிருந்த நேரத்தில் அவர் எதிர்ப்பக்கப் பஸ்ஸில் போயிருக்கிறார். என் மன்னிப்புக்காக யாரும் காத்திருக்கவில்லை. குழந்தைக்குப் பசி, அதனால் போயிருக்கிறார். நேற்று ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள், குழாயை அடுத்த கேனுக்கு மாற்றியபடி, யாருக்கோ வழி சொல்வது போல.

“காலேஜ்ல ஃப்ரெண்டு காட்டுனா. பகுத் ஹஸி ஆயி எனக்கு, அப்படிச் சிரிச்சேன். யாரோ எங்க அம்மா மாதிரியே பேசுறானேன்னு வீட்டுக்கு வந்து அம்மாக்குப் போட்டுக் காட்டுனேன். அம்மாவும் ஃபர்ஸ்ட் சிரிச்சாங்க. அப்புறம் அந்த வாஷ்பேசின் வந்துச்சு.”

லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

“எனக்குக் கஞ்சி மட்டும்தான் தெரியும். கஞ்சி குடிச்சு வளந்தவன்னு சொல்வாங்க. அம்மாக்குப் பால் வரலைன்னு நெனச்சிட்டு இருந்தேன்.”

மன்னிச்சிருங்க என்றேன். மிகச் சாதாரணமாக, ரேஷன் கடையில் காலை மிதித்தவன் சொல்வது போல வந்தது.

“அத அம்மாகிட்ட சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணு வேணும். அம்மா பேசுனது உங்ககிட்ட இருக்குல்ல, ஒரிஜினல்? கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க. திரும்பிப் படுத்துக்கறாங்க.”

இருந்தது. அதைக் கொடுக்க எனக்கு என்ன உரிமை என்று நினைத்தேன். எடுத்தபோது வராத கேள்வி, கொடுக்கும்போது வந்து நின்றது. அம்மாவக் கேட்டுட்டு, என்று ஆரம்பித்தேன்.

“அன்னைக்குக் கேட்டீங்களா?”

போனைத் திறந்து நீட்டினேன். அவள் ஈரக் கையைக் கமீஸில் துடைத்துக்கொண்டு வாங்கினாள், குழாயை என் கையில் திணித்தாள். போனை ஒரு காதில் அழுத்தி, மறுகாதைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு, சுவர்ப் பக்கமாக இரண்டடி தள்ளி நின்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகத்தை மட்டும் பார்த்தேன். அம்மா சிரிக்கும் இடம் வந்தது தெரிந்தது, அவள் கண்ணை மூடினாள். அந்த இடத்தோடு நிறுத்திவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். நான் அங்கேதானே எப்போதும் நிறுத்தினேன். அவள் நிறுத்தவில்லை. நான் ஒருமுறையும் கேட்டிராத பகுதிக்குள் அவள் போய்க்கொண்டிருந்தாள்.

கேன் நிரம்பி என் காலில் வழிந்தது. ஜனவரித் தண்ணீர், எலும்புவரை ஏறியது. பின்னாலிருந்த ஒரு பெண் வெறும் காலால் கேனைத் தள்ளிவிட்டுத் தன் குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்தாள். அதுவும் நிரம்பியது, இன்னொருத்தி தன்னுடையதை வைத்தாள். நான் குழாயைப் பிடித்தபடியே நின்றேன். மதுமதி சுவரில் நெற்றியைச் சாய்த்திருந்தாள். போன் இன்னும் காதிலேயே இருந்தது. இரண்டு நிமிடம் பதினான்கு வினாடி எப்போதோ முடிந்திருக்க வேண்டும்.